வலது பக்கத்து மூடி

என் தம்பியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றாவதிலேயே நின்றுவிடுவேன். வேலையை ஒழுங்காகச் செய்வான். குடிக்கமாட்டான். பெண்டாட்டியை எதிர்த்துப் பேசமாட்டான். அவ்வளவுதான், மிச்சமெல்லாம் திட்டுதான். திட்ட எனக்கு உரிமை இருக்கிறது. அவனைவிட ஏழு வயது மூத்தவள், ஒரே வீட்டில் இருக்கிறேன், வாசலறையில் அவன் விமானம் ஓட்டுகிறான், அதே அறையில் நான் துணி தைக்கிறேன். ஆனால் இந்தக் கதையில் அவன் மகளின் வலது கண்ணும் இருக்கிறது. அந்தக் கண் தேறுமா தேறாதா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதனால் வெறுமனே திட்டிவிட்டுப் போக முடியவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன். முன்பக்கம் டை கட்டிக்கொண்டு சிரிக்கிறவர்கள் வேறு ஆட்கள். இவன் உள்ளே, தண்ணீர் சொட்டும் இயந்திரத்துக்கு முன்னால், ஈர விரல்களோடு இருப்பான். சட்டத்தின் வடிவத்துக்கு லென்ஸை வெட்டி, ஓரம் தேய்த்து, பொருத்தி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பான். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. ஊரில் பாதிப் பேர் இவன் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள் என்று அவனே பீற்றிக்கொள்வான். இவனுக்கோ மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றினால் தட்டில் இருப்பது சோறா சுண்ணாம்பா என்று தெரியாது.

பத்து வயது வரை அவனுக்குக் கண் தெரியவில்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. மண்டு என்றுதான் நினைத்தோம். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவான், வாத்தியாரிடம் அடி வாங்குவான். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தது நான். வாத்தியாரை மிஞ்சினேன் என்றே சொல்லவேண்டும், மர ஸ்கேலை வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். பிறகு யாரோ சொல்லி, அப்பா கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். கடையை விட்டு வெளியே வந்ததும் மேலே சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தானாம். அதுவரை சத்தமாக மட்டும் இருந்த விமானம் அன்றைக்குத்தான் இறக்கையோடு தெரிந்தது. அந்த இடத்தில் பிடித்த பைத்தியம், நாற்பத்தைந்து வயதாகியும் தெளியவில்லை.

மைனஸ் ஒன்பதை யார் விமானம் ஓட்ட விடுவார்கள்? ஓட்டுவது இருக்கட்டும், ஒரு தடவை ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் தலை சுற்றுகிறது என்று இறங்கிவிடுவான். இந்த வீட்டில் பல்பு மாற்றுவது நான். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதை என்று அவன் காதுபடவே சொல்லியிருக்கிறேன். கடையில் எல்லோரும் கேலியாக 'கேப்டன்' என்று கூப்பிடுகிறார்கள். இவனுக்கு அது கேலி என்றே உறைக்கவில்லை, சந்தோஷமாகத் திரும்பிப் பார்க்கிறான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சனியன் வீட்டுக்குள் வந்தது. வி.ஆர். ஹெட்செட் என்று பெயர். கண்ணை முழுக்க மூடிக்கொண்டு மாட்டவேண்டும், உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு லென்ஸ், அதன் பின்னால் திரை. மாட்டினால் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்குமாம், தலையைத் திருப்பினால் ஜன்னலுக்கு வெளியே மேகம் தெரியுமாம். பழைய காரிலிருந்து ஒரு சீட்டைக் கழற்றி வந்து பலகையில் முடுக்கினான். கைக்கு ஒரு பிடி, காலுக்கு இரண்டு மிதி, பக்கத்தில் வரிசையாகக் குமிழ்கள். மயக்கம் வராமலிருக்க முகத்துக்கு நேராக மேசை மின்விசிறி வேறு. அதைத்தான் விமானக் காற்று என்று நினைத்துக்கொள்வான் போல.

மாட்டிக்கொண்டால் அறையில் எதுவும் தெரியாது அல்லவா, அதனால் எது எந்தக் குமிழ் என்று தடவியே கண்டுபிடிக்கவேண்டும். அதற்கு என்ன செய்தான் தெரியுமா? என் பொத்தான் டப்பாவைத் திறந்தான். சக்கரம் இறக்கும் குமிழில் ஒரு கோட்டுப் பொத்தான், விளக்குக்கு நாலு ஓட்டைப் பொத்தான், இன்னொன்றுக்கு இரண்டு ஓட்டை. பசை போட்டு ஒட்டிவிட்டான். ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்கு ஏழாவது பொத்தானைத் தேடி அரை நாள் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் அது விமானத்தில் இருந்தது.

எல்லாவற்றையும் பொறுத்திருப்பேன், அந்தத் திரைச்சீலையைத்தான் பொறுக்கமுடியவில்லை. வாசலறையில் ஒரே ஜன்னல். அந்த வெளிச்சத்தில்தான் நான் தைக்கிறேன். வெயில் அந்த ஹெட்செட்டின் லென்ஸில் பட்டால் உள்ளே திரை கருகிவிடுமாம். அதனால் ஜன்னல் சீலை மூடியிருக்கவேண்டும் என்பது துரையின் உத்தரவு. அவன் மூடுவான், நான் திறப்பேன். நான் திறப்பேன், அவன் மூடுவான்.

“பூதக்கண்ணாடி வெச்சு காகிதம் எரிப்பாங்கல்ல, அதே மாதிரிதான். ஒரு நிமிஷம் வெயில் பட்டாப் போச்சு, அக்கா.”

“என் கண்ணு போனாப் பரவாயில்ல, உன் பொம்மை போகக்கூடாது. அப்படித்தானே? கண் கெட்டதுக்கப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணி என்னடா ஆகப்போகுது?”

அந்தப் பழமொழி எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லியிருப்பேன்.

தம்பி பெண்டாட்டி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள், சண்டை அவளுக்கு ஆகாது. அவள்தான் நடுவில் வந்து ஒரு வழி சொன்னாள். லென்ஸ்களுக்கு மூடி தைத்துவிட்டால் என்ன? நான்தான் வெட்டிக் கொடுத்தேன், கறுப்புக் கம்பளித்துணியில் இரண்டு வட்டம். லென்ஸ் மேல் சரியாக உட்காரும், எடுக்கும்போது நகத்தால் நெம்பினால் வந்துவிடும். பகலில் மூடி போட்டு வைத்துவிட்டுச் சீலையைத் திறந்துகொள்ளலாம். அவன் பறக்கிற ஞாயிறு நாலு மணிக்கு மட்டும் மூடவேண்டும். உடன்படிக்கை அதுதான்.

ஞாயிறு நாலு மணிக்கு எங்கெங்கோ இருக்கிறவர்கள் கணினி வழியாக ஒன்றுசேர்ந்து பறப்பார்கள். ஒருவர் கட்டுப்பாட்டுக் கோபுரமாம், எல்லோருக்கும் அனுமதி கொடுப்பார். “சார், இறங்கலாமா சார்? நன்றி சார்,” என்று இவன் குழைவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற மகள் பக்கத்தில் நின்று மூன்று தடவை அப்பா என்றால் காதில் விழாது.

அந்த மகளுக்கு ஏழு வயது. நாங்கள் பொடிசு என்று கூப்பிடுவோம். நல்ல பெண்தான், ஆனால் தொட்டது எதுவும் உருப்படாது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி மேசையில் ஊற்றும். பந்து போட்டால் கைக்கு வராது, மூக்குக்கு வரும். கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. படிக்கும்போது தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு படிக்கும். நேராக உட்கார் என்று நான் கத்தாத நாளும் கிடையாது.

பெண் பிள்ளைக்குக் கை வேலை வரவேண்டும் என்று, ஐந்து வயதிலேயே ஊசி கோக்க உட்கார வைத்தேன். தினமும் பள்ளி விட்டு வந்ததும் பத்து ஊசி. மூன்று தடவை தவறினால் கையைத் திருப்பி நீட்டவேண்டும், விரல் முட்டியில் ஸ்கேலால் ஒன்று. வலிக்கிற மாதிரி அடிக்கமாட்டேன், உறைக்கிற மாதிரி அடிப்பேன். நூலை ஊசிக்கு முன்னாலோ பின்னாலோ கொண்டு போகுமே தவிர, காதுக்குள் போகாது. இரண்டு வருடம் இப்படி. “கவனம் இல்ல உனக்கு. அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு,” என்பேன். அதுவும் வாயைத் திறக்காமல் கையை நீட்டும்.

பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது. ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார்கள். விரலிடுக்கில் பார்த்துப் படித்துவிட்டு வந்திருக்கிறது. எல்லோரையும் போலப் படிக்கவேண்டுமே என்ற பயம். பிறகு ஆஸ்பத்திரியில்தான் அது இதைச் சொன்னது.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டு என்னிடம் வந்திருந்தது. உள்துணி மாற்றவேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல், வெயில் இல்லாமல் அதைத் தைக்கமுடியாது. மறுநாள் அவனுக்குப் பரீட்சையாம், பக்கவாட்டில் காற்றடிக்கிற மலை விமான நிலையத்தில் இறக்கிக் காட்டவேண்டுமாம். தேறினால் அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே கேப்டன் பட்டம். அதற்காக, உடன்படிக்கையை மீறி, சனிக்கிழமையும் மத்தியானம் முழுக்கச் சீலையை மூடிவிட்டுப் பழகினான். நான் குழல்விளக்கில் தைத்தேன். சாயங்காலம் வெளியே கொண்டுபோய்ப் பார்த்தால் தையல் முழுக்கக் கோணல். அவ்வளவையும் பிரித்தேன்.

“ஒரு நாள்தானே அக்கா,” என்றான்.

“ரெண்டு வருஷமா இதே ஒரு நாள்தான்டா.”

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் கடைக்கு ஏதோ அவசர வேலை என்று போனான். நான் துணிப் பசையை எடுத்தேன். ஹெட்செட்டின் வலது மூடியை நெம்பி எடுத்து, பின்பக்கம் முழுக்கப் பசை தடவி, லென்ஸ் மேலேயே வைத்து அழுத்தினேன். பரீட்சை நேரத்தில் நகத்தால் நெம்பி நெம்பி அவன் அழட்டும் என்று நினைத்தேன். பொய் சொல்லப்போவதில்லை, அழுத்தும்போது எனக்கு நன்றாக இருந்தது.

மூன்றரைக்குப் பொடிசு சீட்டில் ஏறி உட்கார்ந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். பறப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் மகளுக்குக் கொடுப்பது அவன் வழக்கம். சின்னப் பிள்ளைகள் மாட்டக்கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது, நானும் சொல்லியிருக்கிறேன், யார் கேட்டார்கள்? இடது மூடியை எடுத்து மடியில் வைத்தது. வலது பக்கத்தைத் தொடவில்லை. மாட்டிக்கொண்டது. நான் ஊசியும் கையுமாகக் காத்திருந்தேன், ஐயோ இருட்டா இருக்கு என்று கத்தும் என்று.

கத்தவில்லை. அது பார்ப்பதெல்லாம் பக்கத்துக் கணினித் திரையில் நமக்கும் தெரியும். விமானம் மேலே ஏறியது, ஏரிமேல் ஒரு சுற்று வந்தது, படகு ஒன்றைத் தேடிப்பிடித்து அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. பசை ஒட்டாமல் மூடி தானாக விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். மட்டமான பசை என்று கடைக்காரனை மனதுக்குள் திட்டினேன்.

தம்பி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். பொடிசு கழற்றி அவன் கையில் கொடுத்தது. “அப்பா, படகுல சிவப்புக் கொடி இருக்கு,” என்றது. அவனுடைய பவருக்கு என்று அவனே தேய்த்த சிறு லென்ஸ்கள் இரண்டு உண்டு, காந்தத்தால் உள்ளே ஒட்டிக்கொள்ளும். பறக்கும் முன் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுவான். இடது பக்கம் மாட்டினான். வலது பக்கம் விரலை வைத்தவன் நின்றுவிட்டான். நெம்பிப் பார்த்தான். வரவில்லை.

“யாரு இத ஒட்டினது?”

“நான்தான். இப்ப என்ன பண்ணப்போற?”

அவன் கத்தினான். ஆயுளில் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கத்தினான். நீ ஒரு அக்காவா, வயிற்றெரிச்சல் பிடித்தவள், லென்ஸே போச்சு என்று என்னென்னமோ சொன்னான். நானும் விடவில்லை. கோட்டைச் சொன்னேன், பொத்தானைச் சொன்னேன், வெளிச்சத்தைச் சொன்னேன். தம்பி பெண்டாட்டி வேலையிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். கணினியில் அந்தக் கோபுரத்துச் சார் இவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

திடீரென்று அவன் குரல் இறங்கிவிட்டது.

“எப்ப ஒட்டின?”

“காலைல. பத்து மணிக்கு.”

“பத்து மணிக்கா?”

“அதான் சொல்றேனே.”

“அப்ப இவ எப்படிப் பாத்தா?”

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது. மகளைத் தூக்கி என் தையல் மேசைமேல் ஜன்னலைப் பார்க்க உட்கார வைத்தான். சீலையை ஒரே இழுப்பில் அவனே திறந்தான். தன் உள்ளங்கையால் அவளுடைய வலது கண்ணை இறுக்கி மூடினான். அது சும்மா இருந்தது. இடது கண்ணை மூடினான். இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்து விலக்கப் பார்த்தது.

“கைய எடுப்பா. பயமா இருக்கு.”

“ஒண்ணுமில்லடா. அப்பா ஒரு பொத்தான் காட்டறேன், எத்தன ஓட்டைன்னு சொல்லு.”

என் டப்பாவிலிருந்து எடுத்துப் பிடித்தான். மூன்று சாண் தூரம்கூட இருக்காது. கோட்டுப் பொத்தான், பெரியது.

“எங்கப்பா பொத்தான்?” என்றது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊரில் எத்தனை பிள்ளைகளின் கண்ணாடி அவன் கையில் வந்துபோயிருக்கும். பத்து வயது வரை பார்வையில்லாமல் அடி வாங்கிய அவனுக்கே தோன்றவில்லை. ஏழு வருடமாக இந்த ஒரு முகத்தில் அவனுடைய கண் போகவில்லை. அவன் கண்தான் மேகத்தில் இருந்ததே.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “இடது கண்ணு நல்லாருக்கு. வலதுல ப்ளஸ் பவர் ரொம்ப அதிகம். மங்கலாவே தெரியறதால மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிடுச்சு. வெளிய பாத்தா தெரியாது. அஞ்சு வயசுல வந்திருந்தா சுலபம். இப்பவும் பாக்கலாம், ஆனா உத்தரவாதம் குடுக்க மாட்டேன்,” என்றார். கண்ணாடி போடவேண்டும், நல்ல கண்ணைத் தினம் ஆறு மணி நேரம் மூடி வைக்கவேண்டும், கெட்ட கண்ணைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கவேண்டும் என்றார்.

ஐந்து வயது என்றதும் நான் தரையைப் பார்த்தேன். அது ஊசி கோக்க உட்கார்ந்த வயது. அந்த ஹெட்செட் வீட்டுக்கு வந்ததும் அதே வருடம்தான். இரண்டு பேரும் சீலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அவளுக்கான லென்ஸை அவனே தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பேன் என்பவன், ஒன்றை ஓரத்தில் உடைத்தான், ஒன்றில் கீறல் விழவைத்தான். மூன்றாவதுதான் உருப்படியாக வந்தது. கண்ணாடியின் இடது பக்கத்துக்கு மூடி வேண்டுமே. அதே கறுப்புக் கம்பளித்துணியில் நான் வட்டம் வெட்டினேன். பசை போடவில்லை, நூலால் கட்டினேன். முதல் நாள் பொடிசு அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்குப் போனது. மறுநாளும் பிய்த்தது. நாலாவது நாள் பிய்க்கவில்லை, அழுதது.

தம்பி பெண்டாட்டிக்கு என்மேல் ஒரே நன்றி. “அண்ணி, நீங்க மட்டும் அத ஒட்டலேன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. கடவுள்தான் உங்க கைல பசையக் குடுத்திருக்காரு,” என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அவர்களும் வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

தம்பி அப்படிச் சொல்லமாட்டான். சோறு போட்டால் சாப்பிடுவான், என்னைப் பார்க்கமாட்டான். ஒரே ஒரு நாள், தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

“இடது பக்கம் ஒட்டியிருந்தா, இருட்டா இருக்குன்னு அவ கத்தியிருப்பா. பிச்சுப் போட்டுட்டு நான் பறக்கப் போயிருப்பேன்.”

நான் சோற்றுப் பானையை மூடினேன்.

“அந்த ஸ்கேலால என்னையும் அடிச்ச, அக்கா. எனக்கு அப்ப கண்ணு தெரியலன்னு உனக்கு அப்புறமாத் தெரிஞ்சுதில்ல? அதுக்கப்புறமும் அத பத்திரமா வெச்சிருந்து இவள அடிச்சிருக்க.”

“நீ பாத்துக்கிட்டுத்தானடா இருந்த?”

“எங்க பாத்தேன்?” என்றான். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. கருகிய மாதிரி பசைக்கறை படிந்த லென்ஸோடு ஹெட்செட் அலமாரிக்கு மேலே கிடக்கிறது. ஸ்டூலில் ஏறி வைத்தது நான். கார் சீட்டு அப்படியே இருக்கிறது, அதில் உட்கார்ந்துதான் அவன் மாலையில் மகளுக்குப் பொத்தான் காட்டுகிறான். பெரியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சின்னதுக்குப் போகிறார்கள். கோட்டுப் பொத்தான் இருக்கிற இடம் தெரிகிறது. அதன் ஓட்டை தெரியவில்லை. டாக்டரம்மா இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்கிறார். ஜன்னல் சீலையைக் கழற்றியாகிவிட்டது. வெயில் அறை முழுக்க வருகிறது, அந்தப் பழமொழியை நான் சொல்வதில்லை.

நேற்று பள்ளி விட்டு வந்த பொடிசு, இடது கண்ணில் மூடியோடு, என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. மூன்று மாதமாக நான் அதை ஊசியைத் தொடவிடவில்லை. தானாகவே ஊசிப் பட்டையிலிருந்து ஒன்றை உருவியது.

“வேண்டாம்மா,” என்றேன்.

“கெட்ட கண்ணுக்கு வேலை குடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல, அத்தை.”

நூலை நாக்கில் ஈரப்படுத்தியது. ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கியது. நூல் இடது பக்கமாகப் போனது. மறுபடி போனது, ஊசிக்கு முன்னால். மூன்றாவது தடவை விரலில் குத்திக்கொண்டது, சத்தம் போடவில்லை. ஊசியை மெல்ல மேசைமேல் வைத்தது. பிறகு வழக்கம் மாறாமல் வலது கையைத் திருப்பி, விரல் முட்டிகள் மேலே தெரிய, என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது.